டச்சஸின் முட்டி

நான்கு ஆட்கள் தூக்கி வந்த படத்தைப் பார்த்ததும் ஓவியர் ஜோசையா குவில்டர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் வரைந்த படம்தான். இரண்டு வருடமாக சர் கெர்வாஸ் ஹாக்ஸ்டன் வீட்டுக் கணப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறது.

நவம்பர் மூடுபனியில், நரி வேட்டைக்கு நடுவே, சர் கெர்வாஸின் பெட்டைக் குதிரை டச்சஸ் காணாமல் போனது. திருட்டு என்றார் துரை. ஓடையைத் தாண்டும்போது துரை ஒரு பக்கம் விழுந்தார், குதிரை மறுபக்கம் ஓடிவிட்டது என்றது ஊர். துரையின் காதில் விழும்படி மட்டும் சொல்லவில்லை. பிப்ரவரியில் டோபி லாக் என்ற குதிரைத் தரகன் செம்பழுப்புப் பெட்டை ஒன்றைச் சந்தைக்கு ஓட்டி வந்தான். அதற்கு நெற்றியில் வெள்ளை நட்சத்திரம், இடது பின்காலில் வெள்ளை. "என் டச்சஸ்!" என்று துரை கத்தினார். டோபியைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள். அவனுக்கு அதை விற்ற விவசாயி அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய்விட்டிருந்தான். குதிரை திருடினால் கயிறுதான்.

விசாரணை 'கருப்பு அன்னம்' விடுதியின் பெரிய அறையில் நடந்தது. விசாரிப்பவர் பாதிரியார் கிரிம்வுட். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவர் பாதிரியார். மீதி நாளெல்லாம் வேட்டைக்காரர். அவர் தலையை ஆட்டினால் போதும், டோபி லெஸ்டர் சிறைக்குப் போவான், அங்கிருந்து பெரிய கோர்ட்டுக்கு, அங்கிருந்து மேலே.

அறை நிறைய வேட்டைச் சங்கத்துக் கனவான்கள். அவர்களுடைய தலைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய வெற்றிடம், மூன்று ஆணிகள். குவில்டருடைய வாழ்க்கை அந்த மூன்று ஆணிகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சங்கத்தார் இருபத்திரண்டு பேரையும் குதிரைமேல் வைத்து ஒரே படமாக வரைய அவரைத்தான் கேட்டிருந்தார்கள். படத்தில் வேட்டை நாய்களுக்கு அடுத்து யார் நிற்பது என்ற சண்டை மட்டும் மூன்று மாதம் நடந்து, போன வாரம்தான் முடிந்தது. இருபது வருடம் மழையிலும் சேற்றிலும் நின்று ஒற்றைக் குதிரையாக வரைந்தவருக்கு இதுதான் முதல் பெரிய வேலை. வயதைப் பார்த்தால் கடைசி வேலையும்கூட.

படத்தை ஜன்னலோரம் சாய்த்து வைத்தார்கள். வெளியே முற்றத்தில் டோபியின் குதிரையை நிறுத்தினார்கள். எல்லோரும் இங்கே பார்த்தார்கள், அங்கே பார்த்தார்கள்.

டோபி வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவன். கைகள் கட்டியிருக்கும்போதே ஆரம்பித்தான். "பாதிரியாரய்யா, ஒரு சந்தேகம். படத்துல நிக்கறது குதிரைங்களா, கொக்குங்களா?"

பின்வரிசையில் குதிரைக்காரர்கள் சிரித்தார்கள்.

"வாயை மூடுடா," என்றார் பாதிரியார். "அது குவில்டர் கையோட நேர்த்தி. என் ஜெரிக்கோவையும் இப்படித்தான் வரைஞ்சிருக்கார். நல்ல ஜாதிக் குதிரைக்குத் தலை சின்னதா, கால் நீளமா இருக்கும். உன்னை மாதிரி ஆளுங்க கண்ணுக்கு அது தெரியாது."

"இங்க நிக்கறதுக்குத் தலை வாளி மாதிரி இருக்குங்களே."

"திருட்டுப் பயகிட்ட மூணு மாசம் இருந்தா எந்தக் குதிரைக்கும் தலை வீங்கும்," என்றார் சர் கெர்வாஸ். "நட்சத்திரத்தைப் பாருங்க. பின்காலைப் பாருங்க. படத்துல இருக்கிறது அப்படியே இருக்கு."

அப்படியேதான் இருந்தது. அதுதான் குவில்டரின் சிக்கல். டச்சஸின் முன்னங்கால் முட்டிகள் இரண்டிலும் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் முளைக்காத தழும்பு உண்டு. துரை குதிரையைக் கல்லில் மண்டிபோட வைத்துச் சம்பாதித்துக் கொடுத்தது. படம் வரையும்போது, "முட்டியைச் சுத்தம் பண்ணிடுங்க" என்று துரை ஒரே வார்த்தைதான் சொன்னார். குவில்டர் இரண்டு தூரிகை வீச்சில் சுத்தம் பண்ணினார். முற்றத்தில் நின்ற குதிரையின் முட்டிகளும் சுத்தமாகத்தான் இருந்தன. பிறந்ததிலிருந்தே சுத்தமானவை. அந்த இரண்டு தூரிகை வீச்சு இப்போது ஒருவன் கழுத்தில் கயிறாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"குவில்டர்," என்றார் பாதிரியார், "பைபிள்மேல கைய வைங்க. இது நேர்ல பார்த்து வரைஞ்ச படம்தானே?"

"நேர்ல பார்த்துத்தாங்க."

"மயிருக்கு மயிர் உண்மை?"

குவில்டர் தொண்டையைச் செருமினார். "முட்டிப் பக்கம் மட்டும், துரைக்கு ஞாபகம் இருக்கும்... சின்னதா ஒரு..."

"முட்டியில என்னய்யா?" என்றார் சர் கெர்வாஸ். அவர் நடிக்கவில்லை. அதுதான் வேடிக்கை. மனிதர் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும்போது முட்டியைப் பார்ப்பதில்லை. சாப்பிட்ட பிறகு நாற்காலியில் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பார். இரண்டு வருடம் தினமும் பார்த்ததில் அவருடைய டச்சஸ் படத்துக்குள் குடியேறிவிட்டாள். "முட்டி கண்ணாடி மாதிரி இருக்கும். சந்தேகம்னா இதோ படம், பாருங்களேன்!"

எல்லோரும் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பின்வரிசையில் துரையின் குதிரைக்காரன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குவில்டர் பெரிய நல்லவர் ஒன்றும் இல்லை. மனதுக்குள் எடை போட்டுப் பார்த்தார். ஒரு தட்டில் இருபத்திரண்டு கனவான்கள், மற்றதில் ஒரு தரகன் கழுத்து. அதுவும் அழுக்குக் கழுத்து. வாயை மூடிக்கொண்டிருந்தால் மூன்று ஆணிகளும் அவருடையவை. பைபிளிலிருந்து கையை எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தார். அப்போது பாதிரியார் கனிவாகச் சொன்னார்: "குவில்டர் கண்ணுல பட்டது எதுவும் தப்பாதுப்பா. பொய் வரைய அவருக்குத் தெரியாது."

காசு வாங்கிக்கொண்டு பொய் வரைவது தொழில். அதைக் கண்ணில்லாதவர்கள் வந்து உண்மை என்று பாராட்டுவதைத்தான் தாங்க முடியவில்லை. குவில்டர் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். தோல் அட்டை போட்ட, எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அசல் இதுல இருக்கு. முதல்ல நூல் பிடிச்சு அளந்து, உள்ளது உள்ளபடி பென்சில்ல வரைவேன். எதை மாத்தணும்னு ஓரத்துல குறிச்சுக்குவேன். அப்புறம்தான் எண்ணெய் வண்ணம்."

பாதிரியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். டச்சஸின் பக்கம் வந்தது. வாளித் தலை, குட்டைக் கால், முட்டிகளில் இரண்டு பெரிய தழும்பு. ஓரத்தில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார்: "முட்டி ரெண்டுலயும் தழும்பு. மறைக்கவும். துரை: வயிறு சேணத்துக்கு வெளியே வழிகிறது. பாதியாக்கவும்."

அறை வெடித்துச் சிரித்தது. சர் கெர்வாஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஜன்னலுக்குப் போய் எட்டிப்பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"ஹாரி," என்று குதிரைக்காரனைக் கூப்பிட்டார், "டச்சஸுக்கு முட்டியில தழும்பு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க துரை."

"பெருசா?"

"கஞ்சிக் கிண்ணம் அளவுக்குங்க."

"இதை ஏண்டா முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேக்கலைங்களே."

தழும்பு வரும், போகாது. அது குதிரை தெரிந்த எல்லோருக்கும் தெரியும். பாதிரியார் கையை அசைத்தார். டோபியின் கட்டை அவிழ்த்தார்கள். அத்தோடு எழுந்து போயிருந்தால் எல்லோருக்கும் மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் பாதிரியாருக்கு நோட்டைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

"அடடே, கேப்டன் வெதர்பி! 'குதிரைக்குப் பசுவின் பின்கால். கேப்டனுக்கும் அப்படியே.'"

"கொடுங்க இப்படி!" கேப்டன் பிடுங்கினார். அவர் பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்தைப் படித்தார், பக்கத்து வீட்டுக்காரர் பிடுங்கி அடுத்தவர் பக்கத்தைப் படித்தார். தன் பக்கம் வரும்வரை ஒவ்வொருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தன் பக்கம் வந்ததும் நின்றது. கடைசியில் நோட்டு சுற்றி வந்து பாதிரியார் கையிலேயே விழுந்தது, கேப்டனின் விரல் ஒரு பக்கத்தில் அழுந்தியபடி.

"சத்தமா படிங்க, பாதிரியாரே."

பாதிரியார் சத்தமாகப் படிக்கவில்லை. கேப்டன்தான் படித்தார். "'ஜெரிக்கோ: கழுதை என்றால் நம்பலாம். பாதிரியார்: மோவாய் மூன்று. ஒன்று போதும்.'"

பாதிரியார் நோட்டை மூடினார். குவில்டரிடம் நீட்டினார். "பெரிய படம் வேண்டாம்னு சங்கம் முடிவு பண்ணியிருக்கு," என்றார். சங்கம் கூட்டம் போடவும் இல்லை, பேசவும் இல்லை. ஆனால் ஒருவரும் மறுக்கவில்லை. மூன்று மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அந்த வாரம் குவில்டரிடம் வேலை சொல்லி யாரும் வரவில்லை. பாதிரியாரின் மனைவி மட்டும் சமையல்காரியை அனுப்பி, மூன்று மோவாய்ப் பக்கம் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலையில் வாசலில் குளம்பொலி கேட்டது. டோபி லாக், அதே குதிரையோடு. தொப்பியைக் கழற்றினான்.

"நன்றி சொல்ல வந்தியா?" என்றார் குவில்டர்.

"அதுவும்தாங்க. ஒரு வேலையும் இருக்கு. லண்டன்ல ஒரு பெரிய வீட்டுக்காரர் குதிரை தேடறார். இவ்வளவு தூரம் வந்து பார்க்க மாட்டாராம். படம் அனுப்பச் சொல்றார்." குரலைத் தாழ்த்தினான். "தலையைக் கொஞ்சம் குறைச்சிடுங்க, படக்காரரே. கால் கொஞ்சம் நீளட்டும்."

குவில்டர் அவனுடைய கழுத்தைப் பார்த்தார். கயிறு விழாத கழுத்து. இன்னும் கழுவவில்லை.

"போன வாரம் படத்தைப் பார்த்துக் கொக்குன்னியே?"

"அது கோர்ட்டுங்க. இது வியாபாரம்."

குவில்டர் நூல் கண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். குதிரையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நெற்றியிலிருந்து மூக்குவரை நூல் பிடித்து அளந்தார். வாளிதான். நோட்டில் புதிய பக்கம் திருப்பி, உள்ளது உள்ளபடி வரைந்தார். பிறகு ஓரத்தில் எழுதினார்: "வலது காது கிழிஞ்சது. மறைக்கவும்."

டோபி தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தான். "அந்த நோட்டை மட்டும் லண்டனுக்கு அனுப்பிடாதீங்க," என்றான்.