சுழியோட வரைஞ்ச குட்டி

தூத்துக்குடியில குதிரைக்குட்டியை அச்சு அசலா வரையுறது நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லலை. சரி, பெருமைக்குத்தான் சொல்லுதேன், அதுக்கென்ன? டிராயிங் டீச்சர் ஜீவமணின்னு எந்தக் குதிரைவண்டிக்காரர்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

மத்தவங்க குட்டின்னா குதிரையைச் சின்னதா வரைஞ்சு வச்சிருதாங்க. பாக்கப் பாக்க எனக்கு எரிச்சலா வரும். குட்டிக்குக் காலுதான் முக்காவாசி. முட்டி துருத்திக்கிட்டு நிக்கும். தாயை எதிர்ல கட்டிப்போட்டாத்தான் ஒரு நிமிஷம் அசையாம இருக்கும், அதுக்குள்ள கண்ணை வரைஞ்சிரணும்.

எழுபத்திமூணுல, பழைய துறைமுகத்துப் பக்கம் வண்டி ஓட்டுத ராமரு தன் எட்டு மாசச் செவலைக்குட்டியை வரையக் கூப்பிட்டாரு. ஆத்தூர் வெத்திலைக் கொடிக்கால்காரரு நயினாரு ஒரு குட்டி தேடுதாராம். இடுப்பு வலியில பஸ் ஏற முடியாது, படத்தைக் காட்டு, பிடிச்சா ஆளை அனுப்புதேன்னுட்டாராம். ஸ்டூடியோக்காரன் எடுத்த போட்டோவுல ஆடுன ஆட்டத்துக்குக் குட்டிக்கு ரெண்டு தலை. அதான் எங்கிட்ட வந்தாரு.

"அவரு வாங்கலைன்னா உப்பளத் தரகன்தான் டீச்சர். மூட்டை இழுத்தே இதுக்கு முதுகு ஒடிஞ்சிரும். தாய்க்கும் குட்டிக்கும் தீனி போட எனக்கு ஏலாது"ன்னாரு. அவரு பேசப் பேச, குட்டி அவரு சட்டைப்பையை மோந்துக்கிட்டே நின்னது.

மூணு நாள் வரைஞ்சேன். முடிஞ்ச படத்தைப் பார்த்ததும் ராமருக்கு முகம் செத்துப்போச்சு.

"இடது கண்ணுக்குக் கீழ உள்ள முடிச்சுழியையும் போட்டுட்டீங்களே!"

"இருக்கு, போட்டேன்."

"அது அழுகைச் சுழி டீச்சர். அந்தக் குதிரை வண்டியில மொதல்ல ஏறுதவங்க வீட்டுல அழுகைச் சத்தம் கேக்கும்பாங்க. நயினாரு அனுப்புத ஆளுக்குச் சுழி பாக்கத் தெரியாது. ஒரே ஒரு இழுப்பு, மறைச்சிருங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

எனக்கு மனசு கிடந்து அடிச்சுக்கிட்டது. குட்டி உப்பளத்துக்குப் போனா என் பிடிவாதந்தான் காரணம். ஆனாலும் இருக்கிறதை அழிக்க என் கைக்கு வரலை. "முடியாது ராமரு, வேற ஆளைப் பாத்துக்கிடும்"னுட்டேன்.

"அப்ப நீங்களே வந்து அவருகிட்டச் சொல்லுங்க"ன்னு கோவத்துல படத்தையும் என்னையும் சேத்து ஆத்தூர் பஸ்ஸுல ஏத்தி, தானும் ஏறிக்கிட்டாரு.

நயினாரு வெத்திலையை மடிச்சுக்கிட்டே ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தாரு. "ஏயப்பா, உசிரோடல்லா நிக்கி! முட்டியைப் பாரேன்!" எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. அப்புறம் சொன்னாரு: "குட்டி வேண்டாம்வே, சுழி ஆகாது. படம் இருக்கட்டும், ஹால்ல மாட்டுதேன். டீச்சரு அந்தச் சுழியை மட்டும் அழிச்சிரட்டும். கேட்டதைத் தாரேன்."

நான் வாயைத் திறக்கதுக்குள்ள ராமரு எந்திரிச்சுட்டாரு. என் காலைப் பிடிக்க வந்த அதே ராமரு!

"சுழியை எடுத்துட்டா அது எவன் குட்டியோ, மொதலாளி. எங்குட்டி மூஞ்சி இதுதான். உங்களுக்குக் குட்டியும் இல்ல, படமும் இல்ல."

படத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு விறுவிறுன்னு நடந்தாரு. நான் பின்னால ஓடுனேன். பஸ் ஸ்டாண்டு வந்ததும் தலையில கையை வச்சு உக்காந்துட்டாரு.

"வீராப்பாப் பேசிட்டேன் டீச்சர். இனி உப்பளத் தரகனை விட்டா யாரு வாங்குவா? நானே வளர்த்து வண்டியில பூட்டுனாலும் எவன் ஏறுவான்?"

"நான் ஏறுதேன். மொத சவாரி எனக்குத்தான்."

அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல, பீடியை விட்டாரு, டீயை விட்டாரு, அந்தக் குட்டிக்குக் கொள்ளு வாங்கிப் போட்டாரு.

எழுபத்தாறுல ஒரு ஞாயித்துக்கிழமை, சர்ச்சுல ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா, கோயில் வாசல்ல செவலை வண்டியோட நிக்கான். எங்கம்மா வேதக்காரிதான், ஆனாலும் சுழியை நம்புதவ. "ஏளா, ஏறாதளா"ன்னு என் முந்தானையைப் பிடிச்சு இழுத்தா. சபையே வேடிக்கை பார்த்தது. முந்தானையை உருவிக்கிட்டு ஏறி உக்காந்தேன்.

"பீச் ரோடு வழியா ஓட்டும் ராமரு. மெதுவாப் போகட்டும், எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."