இடது பக்கத்துக் கிளிப்பு

அப்பாவின் வலது கையைச் சட்டைக்குள் நுழைப்பதுதான் பெரும்பாடாக இருக்கும் என்று மகள் நினைத்திருந்தாள். பக்கவாதம் வந்து பத்து மாதமாக மடங்கியே கிடந்த கை அது. ஆனால் இன்று இரண்டு கைகளும் ஒன்றுபோலத்தான் விறைத்திருந்தன. நல்ல கை, கெட்ட கை என்ற வித்தியாசமே போய்விட்டது.

"முதுகுப் பக்கம் கத்தரிச்சுட்டு முன்னால போர்த்தி விட்டுடலாம்" என்றார் சாணைக்காரர்.

"புதுச் சட்டை சித்தப்பா."

"அவன் என்ன திரும்பி நிக்கவா போறான்?"

சொல்லிவிட்டு அவரே மூக்கை உறிஞ்சினார். அப்பாவும் அவரும் மடக்குக் கத்தி செய்யும் பட்டறையில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல்காரர்கள். இவர் அலகைத் தீட்டுவார், அப்பா கிளிப்பு பொருத்துவார். கத்தி பேண்ட் பைக்குள் விழுந்து தொலையாமல் விளிம்பைக் கவ்விக்கொள்ளும் எஃகுப் பட்டைதான் கிளிப்பு. அதைப் பிடியின் முனையில் வைத்து மூன்று குட்டித் திருகாணிகளால் இறுக்க வேண்டும். அரை அரிசி அளவுதான் இருக்கும் ஒவ்வொன்றும். ஆயுசு முழுக்க அதையே செய்ததில் மனிதருக்குப் பெயரே கிளிப்பு என்று ஆகிவிட்டது. அம்மா கிளிப்பு வீட்டம்மா. பள்ளிக்கூடத்தில் கிளிப்பு மகளாக இருந்தவள், இப்போது அதே பட்டறையில் பேக்கிங் மேசையிலும் கிளிப்பு மகள்தான்.

அம்மா சமையலறையில் இருந்தாள். நேற்று மாலை தையல் கடை வேலையிலிருந்து திரும்பி வந்து, நாற்காலியில் சாய்ந்திருந்தவரை முதலில் பார்த்தவள் அவள்தான். அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள், மகளுக்குச் சொல்லி அனுப்பினாள், டாக்டர் வந்து போகும்வரை நின்றாள். அப்புறம் சமையலறைக்குள் போனவள் வெளியே வரவேயில்லை. அழவும் இல்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வண்டி வந்துடும். பெட்டியை மூடறதுக்குள்ள ஒரு தடவை வந்து பாரும்மா."

"பத்து மாசமா பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். அவருதான் என்னைப் பார்க்கல."

"இப்ப போய் இதெல்லாம்..."

"இப்ப சொல்லாம எப்ப சொல்றது? கடைசி ஒரு மாசம் அந்த மனுஷன் தரையை விட்டுக் கண்ணை எடுக்கல. கூப்பிட்டாலும் நிமிர மாட்டாரு. கையை நீட்டி நீட்டித் தரையைக் காட்டுவாரு. 'அது, அது'ன்னுவாரு. என்னை மண்ணுக்குள்ள வைன்னு கேக்குறாருன்னு புரிஞ்சுக்க முடியாத அளவுக்கு நான் முட்டாளா?"

வாதம் கையோடு பேச்சையும் கொண்டுபோயிருந்தது. 'அது' என்ற ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. பசித்தாலும் அது, மின்விசிறி வேண்டுமென்றாலும் அது. அவர் தரையைக் காட்டியதை அவளும் பார்த்திருக்கிறாள். அம்மா நினைத்ததைத்தான் அவளும் நினைத்தாள். அதற்குப் பிறகுதான் அம்மா வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் எடுத்துப் பரண் மேல் வைத்தாள்.

"ஒரு நாள் தாங்க முடியாம சொல்லிட்டேன்" என்றாள் அம்மா, குழாயைப் பார்த்தபடி. "சரி, போங்க, நான் ஒண்ணும் உங்களைப் பிடிச்சு வைக்கலன்னு. போயிட்டாரு. சொன்ன பேச்சைக் கேட்டதே இல்ல, இதைக் கேட்டுட்டாரு."

முன்னறையிலிருந்து சாணைக்காரர் கூப்பிட்டார். இடுப்பின்மேல் போர்வையைப் போட்டு, அதற்கடியில் பழைய பேண்ட்டை உருவிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றிருந்தார்.

"பையில என்னமோ இடிக்குது. பாரு."

பேண்ட் பாதி கழன்று முழங்காலில் கிடந்தது. பை விளிம்பில் ஒரு கிளிப்பு பளபளத்தது. அப்பாவின் சொந்தக் கத்தி. பட்டறையில் சேர்ந்த புதிதில் வாங்கியது. அதை அம்மா பரண் மேல் ஏற்றிவிட்டாள் என்று மகள் நினைத்திருந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் எங்கேயோ ஒளித்து வைத்திருந்திருக்கிறார்.

"இது இடது பை" என்றாள் மகள்.

"ஆமா, அதுக்கென்ன?"

"அப்பா வலது பையிலதான் வைப்பாரு."

கத்தியை உருவிக் கையில் வாங்கினாள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பார்த்துப் பெட்டியில் அடுக்குகிற கண் அது. எடுத்தவுடனே தெரிந்துவிட்டது. கிளிப்பு பக்கம் மாறியிருந்தது. பிடியின் இரண்டு பக்கமும் துளை போட்டுத்தான் கத்தி வரும். இடக்கைக்காரர் யாராவது கேட்டால் கழற்றி அந்தப் பக்கம் பூட்டிக் கொடுப்பார்கள். இரண்டு கையும் இருக்கிறவனுக்கு அது பேச்சு வாக்கில் முடிகிற வேலை. இங்கே பழைய துளைகளைச் சுற்றியும் புதிய துளைகளைச் சுற்றியும் பிடி முழுக்கக் கீறல். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய கீறல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அவள் மேசைக்கு இப்படி ஒரு கத்தி வந்திருந்தால் தூக்கி ஓரத்தில் போட்டிருப்பாள்.

"ஒத்தைக் கையாலயா?" என்றார் சாணைக்காரர். "தொடைக்கு நடுவுல இடுக்கிப் பண்ணியிருக்கான் பாரு, களவாணிப் பய. பசை போட்டு இறுக்கின ஸ்க்ரூ, சூடு காட்டாம அசையாதே."

மகளுக்கு வெந்நீர் ஞாபகம் வந்தது. அப்பா டீயைத் தள்ளிவிட்டு வெந்நீரைக் காட்டிக் கேட்கிறார், வாங்கி வைத்துக் குடிக்காமல் ஆறவிடுகிறார், வீம்பு பண்ணுகிறார் என்று அம்மா குறைபட்டிருந்தாள். அது குடிக்கக் கேட்டதில்லை, கத்தியை முக்கி வைக்கக் கேட்டது.

"எதுக்கு சித்தப்பா இவ்வளவு பாடு?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான்தான் உளறினேன். முந்தின மாசத்துக்கு முந்தின மாசம் பார்க்க வந்தப்ப. 'உன் ஸ்டூல்ல யாரையும் உக்கார விடலடா, இடது கையால வேலை பழகிட்டு வா'ன்னு. சும்மா ஆறுதலுக்குச் சொன்னது. அவன் சிரிச்சான். மறந்திருப்பான்னு நினைச்சேன்."

மகள் கிளிப்பை விரலால் தள்ளிப் பார்த்தாள். ஆடியது. மூன்று துளைகளில் இரண்டில்தான் திருகாணி இருந்தது. நடுத்துளை காலி.

"ரெண்டு ஸ்க்ரூ போட்ட கிளிப்பு பாதிக் கிளிப்பு" என்று பட்டறையில் அப்பா சொல்வார். சொல்லிவிட்டு முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்புவார்.

அவள் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். ஜன்னலோரம், நேற்றுவரை அவர் உட்கார்ந்திருந்த இடம். அதற்கடியில் தரை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கறுத்த இடுக்குகள். ஒரு மாதமாக அவர் கண்ணெடுக்காமல் பார்த்த தரை.

அந்தத் திருகாணி பட்டறையில் டப்பா டப்பாவாகக் கிடக்கிறது. பெருக்கும்போது குப்பையோடு போகிறது. தினமும் அதற்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, "என்னப்பா வேணும், என்னப்பா வேணும்" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறாள், காது கேட்காதவரிடம் கேட்பதுபோல.

பேண்ட்டை முழுக்க உருவி வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பேண்ட்டை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இதை எதுக்குடி என்கிட்ட... தூரப் போடு."

"பையைப் பாரும்மா."

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவளுக்குக் கத்தி தெரியாது, துணி தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய பேண்ட்டுகளின் வலது பை விளிம்பைத் தைத்துத் தைத்து அலுத்தவள். "இந்தச் சனியன் பிடிச்ச கிளிப்பு ஒரு துணியையும் விட்டு வைக்காது" என்று திட்டிக்கொண்டே தைப்பாள். வலது பையை விரலால் தடவினாள். அங்கே அவளுடைய பழைய தையல் அப்படியே இருந்தது. பிறகு இடது பை. கட்டைவிரல் நின்றது. விளிம்பு நைந்து நூல் பிரிந்திருந்தது.

"இது ஒரு நாள்ல, ரெண்டு நாள்ல ஆனது இல்ல" என்றாள். "செருகிச் செருகி எடுத்திருக்காரு."

"பழகியிருக்காரும்மா. இடது கைக்கு. பட்டறைக்குத் திரும்பப் போகணும்னு."

மகள் கத்தியைக் காட்டினாள். காலித் துளையைத் தொட்டுக் காட்டினாள். "மூணாவது ஸ்க்ரூ கீழே விழுந்திருக்கு. அதைத்தான் காட்டியிருக்காரு. குனிய முடியாதில்ல. 'அது, அது'ன்னு சொன்னது அதைத்தான்."

குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மா கைநீட்டி அதை மூடினாள். பேண்ட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். முகம் கோணியது. ஆனாலும் அழுகை வரவில்லை.

"எடுத்துக் குடுத்திருப்பேனே" என்றாள் மெதுவாக. "எடுத்துக் குடுக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. வண்டிக்காரரும் உடன் வந்த இரண்டு பேரும் பெட்டியை முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். சாணைக்காரர் அதற்குள் புதுப் பேண்ட்டை மாட்டி இடுப்பில் பொத்தான் போட்டிருந்தார். மூடலாமா என்று வண்டிக்காரர் கேட்டார்.

அம்மா வந்தாள். நேற்றிலிருந்து முதல்முறையாக அவர் பக்கத்தில் போய் நின்றாள். கத்தியைக் கையில் வைத்திருந்தாள். புதுப் பேண்ட்டின் இடது பையில் அதைச் செருகப் போனாள். கிளிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. கையை இழுத்துக்கொண்டாள்.

"பட்டறைக்கு ஆள் அனுப்பவா அண்ணி? புது ஸ்க்ரூ கொண்டாந்துடலாம்" என்றார் சாணைக்காரர்.

"வேணாம். அவரு தேடினது இங்கதான் கிடக்கும்."

புடவையை முழங்காலுக்கடியில் ஒதுக்கிக்கொண்டு அம்மா நாற்காலியருகே தரையில் மண்டியிட்டாள். உள்ளங்கையைத் தட்டையாக வைத்துக் கல் கல்லாகத் தடவிக்கொண்டு போனாள். பெட்டியைத் தூக்கக் குனிந்தவர்கள் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க" என்றாள் அம்மா, தலை நிமிராமல். "யாரும் மிதிச்சுடாதீங்க."