ஜெயினம்புவின் தூக்கம்

அன்னக்கொடிக்குப் பயம் ஒன்றும் புதிதில்லை. இடிக்குப் பயம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கப் பயம், வாடகை கேட்க வரும் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்குக்கூடப் பயம். ஆனால் எட்டு மாதப் பெண் பிள்ளை ஒன்றைப் பார்த்துக் குலை நடுங்கியது எண்பத்துமூன்றாம் வருஷம் மாசி மாதத்தில்தான்.

பழங்காநத்தத்தில், திருமங்கலம் பஸ்கள் போகிற ரோட்டை ஒட்டிய சந்தில் அவள் வீடு. வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வாள். பிள்ளையில்லாத வீடாயிற்றே என்று ஒரு நர்ஸம்மா தன் மகனை விட்டுப் போனதில் ஆரம்பித்தது. அதைக் கேள்விப்பட்டு மற்றவர்களும் கொண்டுவந்து விட்டார்கள். சமையலுக்கும் கழுவித் துடைக்கவும் ரெங்கம்மாளைச் சேர்த்துக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாகப் போகும்போது எந்தப் புண்ணியவானுக்குப் பொறுக்கவில்லையோ, அனுமதி இல்லாமல் காப்பகம் நடக்கிறது என்று அரசாங்க ஆபீஸில் போய்ச் சொல்லிவிட்டார். அனுமதி வாங்கு, இல்லாவிட்டால் மூடு என்றார்கள். அனுமதி இல்லையென்றால் வீட்டையும் காலி பண்ணு என்றார் வீட்டுக்காரர்.

பார்வையிட ஒரு அதிகாரி அம்மா வந்தார். கறுப்புச் சட்டம் போட்ட பெரிய கண்ணாடி. அந்தக் கண்ணாடியைக் கண்டதும் எட்டு மாத ஜெயினம்பு அழ ஆரம்பித்தாள். அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. சந்துமுனை டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். அதிகாரி என்ன கேட்டார், அன்னக்கொடி என்ன சொன்னாள், யாருக்கும் காதில் விழவில்லை.

"குழந்தை இப்படி அழுதா நல்லா கவனிக்கறாங்கன்னு நான் எப்படி எழுதறது?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அந்த ஒரு வாரமும் அன்னக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயினம்புவின் அம்மா சாதிகா, பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். தற்காலிக வேலை. புருஷன் சவுதிக்குப் போய் இன்னும் சரியாகக் காலூன்றவில்லை.

"சாதிகா, அந்தம்மா வார அன்னைக்கு ஒருநாள் மட்டும் லீவு போடேன்."

"போட்டா வேற ஆளை வச்சிருவாங்கக்கா. அதுக்குன்னே ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கா."

"அப்ப இவ அழுதா என்ன பண்றது? எல்லாம் போச்சு."

 சாதிகா மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். பக்கத்தில் நின்ற ரெங்கம்மாள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறித்த நாள் காலையில் சாதிகா பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்டபோது அது பாதித் தூக்கத்தில் இருந்தது. "இன்னைக்கு உங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டாக்கா" என்று சொல்லி, கொஞ்சம் சிரித்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

பிள்ளை சிணுங்கிக்கொண்டேதான் இருந்தது. அன்னக்கொடி அலமாரியிலிருந்து உரைகல்லை எடுத்தாள். ஜாதிக்காயை இரண்டு உரசு உரசித் தாய்ப்பாலிலோ வெந்நீரிலோ குழைத்து நாக்கில் தடவினால் பிள்ளை அசந்து தூங்கும். அந்தப் பக்கத்தில் அதைச் செய்யாத வீடு கிடையாது. வயிற்றுக்கும் நல்லது என்பார்கள். அன்னக்கொடி அன்று இரண்டு உரசோடு நிறுத்தவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே உரசியதில் எத்தனை என்று அவளுக்கே தெரியவில்லை. விரலால் வழித்து நாக்கில் தடவினாள்.

அதிகாரி வந்தார். குழாயடி, கக்கூஸ், பால் காய்ச்சும் பாத்திரம், பாய், தலையணை எல்லாவற்றையும் பார்த்தார். மற்ற பிள்ளைகள் மரக்குதிரையோடு சமர்த்தாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். தொட்டில் பக்கம் வந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"அன்னைக்கு ஊரைக் கூட்டின பொண்ணா இது? இவ்வளவு சத்தத்திலயும் தூங்குதே."

அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் அன்னக்கொடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காபி எடுக்க அடுப்படிக்குப் போனாள். ரெங்கம்மாள் காதோரம் வந்து கிசுகிசுத்தாள்.

"பாத்தியாக்கா, என் கைவரிசைய? நீ குழாயடிக்குப் போனப்ப ஜாதிக்காய நல்லா உரசி ஒரு பால்சங்கு விட்டேன். இனிமே சாயங்காலந்தேன் முழிப்பா."

அன்னக்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீயும் குடுத்தியா?"

"நீயுமான்னா? நீ குடுத்தியாக்கா?"

காலையில் சாதிகா சிரித்த சிரிப்பு அப்போதுதான் அன்னக்கொடிக்கு விளங்கியது. வரும்போதே அரைத் தூக்கம். அப்படியானால் மூன்று பேர். ஒருத்திக்கொருத்தி சொல்லாமல், அழுதுவிடக் கூடாதே என்ற ஒரே பயத்தில், மூன்று பேரும் ஒரு பச்சைப்பிள்ளைக்கு ஜாதிக்காய் கொடுத்திருக்கிறார்கள்.

கூடத்துக்கு வந்து தொட்டிலுக்குள் கையை விட்டாள். பிள்ளையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கையைத் தூக்கி விட்டாள், தொப்பென்று விழுந்தது. உள்ளங்காலில் விரலால் சுண்டினாள். கால் அசையவில்லை. இன்னும் பலமாகச் சுண்டினாள். மூச்சு வந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அவள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்தார். "எல்லாம் திருப்தியா இருக்கும்மா. எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பறேன்."

இன்னும் கொஞ்ச நேரம்தான். எழுதட்டும், வாசல் தாண்டட்டும், உடனே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடிவிடலாம். அன்னக்கொடி அப்படி நினைத்தாள், நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. பிறகு வந்தது. வீடு, அனுமதி, வீட்டுக்காரர் எல்லாம் அந்த இடைவெளியில் அவளை விட்டுப் போய்விட்டன.

"எழுதாதீங்கம்மா" என்றாள். "பிள்ளை தூங்கல. மருந்து குடுத்திருக்கேன். முழிக்க மாட்டேங்குறா."

 அதிகாரி பேனாவை மூடாமலே எழுந்து பிள்ளையின் இமையை விலக்கிப் பார்த்தார். வாசலில் நின்ற ஆபீஸ் ஜீப்பின் டிரைவரைக் கூப்பிட்டார். ரெங்கம்மாளிடம் திரும்பி, "மத்த பிள்ளைகளைப் பாத்துக்க. யாருக்கும் எதையும் குடுக்காதே" என்றார்.

ஜீப் பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அன்னக்கொடி அந்தச் சின்ன உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தாள். தோல் சிவந்துவிட்டது. வழியில் இருந்த எல்லாச் சாமியையும் வேண்டினாள், எதிர்ப்பட்ட பள்ளிவாசலையும் விடவில்லை.

டாக்டர் இளவயதுக்காரர். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். பள்ளிக்கூடத்துக்கு அதிகாரியே போன் பண்ணினார். சாதிகா முக்காடு நழுவியது தெரியாமல் ஓடிவந்து அன்னக்கொடி எதிரில் நின்றாள். அடிப்பாள் என்று அன்னக்கொடி எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள்.

"நான்தான் குடுத்தேன் சாதிகா. ரெங்கம்மாளும் குடுத்திருக்கா."

"அக்கா," என்றாள் சாதிகா.  "நானுந்தான்."

டாக்டர் காதில் அது விழுந்தது. "மூணு பேரு உரசினீங்களா? நாலாவது ஆளு யாரும் இல்லையே?" என்று கேட்டார். இருவரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு ஜெயினம்பு காலை இழுத்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு அழுதாள். முதலில் பூனைக்குட்டிபோல, அப்புறம் வார்டே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. சாதிகா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்னக்கொடி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

அதிகாரி கிளம்பும்போது, "நான் ஒண்ணும் எழுதல. திங்கட்கிழமை வர்றேன்" என்று மட்டும் சொன்னார். அது நல்லதா கெட்டதா என்று கேட்க அன்னக்கொடிக்குத் தைரியம் இல்லை.

அதைவிடப் பெரிய பயம் வேறு இருந்தது. திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பசுமலை பஸ் போகும் நேரமும் நெருங்கிவிட்டது. அப்போதுதான் சாதிகா சந்துக்குள் திரும்பினாள். இடுப்பில் ஜெயினம்பு முழுசாக முழித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் குடுக்கலக்கா. ரொம்ப அழுவா."

"அழட்டும். நான் வச்சுக்கிறேன்."

சாதிகா உடனே கொடுத்துவிடவில்லை. அன்னக்கொடியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள்.

அதிகாரி வந்தார், கண்ணாடி வந்தது, ஜெயினம்பு ஆரம்பித்தாள். அன்னக்கொடி மன்னிப்புக் கேட்கவில்லை. தோளில் போட்டு நடந்தாள்.

"எதுக்கும்மா அழறா?" என்று கத்திக் கேட்டார் அதிகாரி.

"உங்களப் பாத்துத்தாம்மா."

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய், கதவுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். "இங்கிருந்தே கேக்கறேன், சொல்லுங்க." உரைகல் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. கிணற்றில் போட்டாயிற்று என்று அடுப்படியிலிருந்து ரெங்கம்மாள் பதில் சொன்னாள். அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன, அன்னக்கொடி நடந்துகொண்டே சொன்னாள். அழுகை விம்மலாகி, விம்மலும் ஓய்ந்தது. வெளியே பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார்.

அன்னக்கொடி தோளைப் பார்த்தாள். ஜெயினம்பு தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அடுத்த மூச்சுக்காகக் காத்திருக்க அவளால் முடியவில்லை. அந்தச் சின்ன உள்ளங்காலைத் தேடிப் பிடித்து, விரலால் ஓங்கிச் சுண்டினாள். பிள்ளை வீறிட்டு அலறியது.

வெளியே பேனா நின்றது. "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் அன்னக்கொடி, பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு. "தூங்கிட்டா."