தூளிக்கு வந்த எறும்புகள்

அக்கா பிள்ளையின் கழுத்து மடிப்பில் மறுபடியும் எறும்பு கடித்திருந்தது. மாதம் நிறையாமல் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, போன வாரம்தான் பள்ளங்கி மலைக்கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். அழக்கூடத் தெம்பில்லை, முனகுவாள். அதுதான் என் பயம். கத்துகிற பிள்ளையென்றால் ஓடிப்போய்த் தூக்கிவிடலாம். இவள் கடியை வாங்கிக்கொண்டு பேசாமல் கிடப்பாள்.

மழை பிடித்ததிலிருந்து வீடு முழுக்கச் செவ்வெறும்பு. மருந்து அடிக்கச் சொன்னார் அக்கா புருஷன் செல்வின் மாமா. கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறவர். நுரையீரல் இன்னும் தேறவில்லை, மருந்து, புகை, பவுடர் எதுவும் ஆகாது என்று டாக்டர் சொன்னபோது அவரும் பக்கத்தில்தான் நின்றார். காது மட்டும் டாக்சி ஸ்டாண்டில் நின்றிருக்கும்.

அதனால் நானே இறங்கினேன். வினிகர் கலந்த தண்ணீரால் தரையைத் துடைத்தேன். மஞ்சளைத் தூவினால் பறந்து அவள் மூச்சில் ஏறுமென்று, குழைத்துச் சுவர் விரிசல்களில் அப்பினேன். பாலூட்ட அக்கா பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் கட்டிலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். தூளி உத்தரத்திலிருந்து தொங்குகிறது, அதற்கு எங்கே கிண்ணம் வைப்பது? கயிற்றில் வேப்பெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றினேன். தைலம் தெளிக்கச் சொன்ன பக்கத்து வீட்டாரைத் திட்டி அனுப்பினேன்.

“எறும்பு வெரட்டத்தான் காலேஜுக்குப் போனியா?” என்றாள் அம்மா. எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான். வீட்டில் எது நடந்தாலும் அந்தப் படிப்பைத்தான் இழுப்பாள்.

இவ்வளவு செய்தும் கடி நிற்கவில்லை. அன்று மதியம் ஓர் எறும்பு வரிசையின் பின்னாலேயே போனேன். அது தூளிப் பக்கமே போகவில்லை. கட்டிலிலிருந்து தரைக்குத் தொங்கிய கம்பளியில் ஏறி, அக்காவின் தலையணைக்கு அடியில் நுழைந்தது. புரட்டினேன். மூடி சரியாகத் திருகாத மலைத்தேன் பாட்டில். பக்கத்தில் ஒரு துணித்திரி, நுனி பிசுபிசுவென்று. பிள்ளையின் கழுத்தை முகர்ந்தேன். தேன் வாசம்.

அம்மாவின் வேலைதான் என்று முடிவுகட்டி அடுப்படியில் போய்க் கத்தினேன். மாதா மேல் சத்தியமாகத் தெரியாது என்றாள். அதற்குள் அக்கா எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மாவ ஏன் வையிற? நான்தான் குடுத்தேன்.”

“தேன் குடுத்தா கைகால் தொவண்டு போகும்னு நர்சு சொன்னாகளா இல்லியா?”

“சொன்னாக. எனக்குப் பாலே ஊறலன்னு நான் அவுககிட்டச் சொல்லலியே. பசியில ஒதட்டச் சப்பிக்கிட்டே கெடக்கா. ஒன்கிட்டச் சொன்னா நீ சண்டைக்கு வருவ.”

அப்போதும் சண்டைக்குத்தான் போயிருப்பேன். ஆனால் பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்தேன். விட்டதும் தொப்பென்று விழுந்தது. இந்தத் துவளல் பசியா, தேனா? மாமாவுக்குப் போன் போட்டு, சவாரி யாராயிருந்தாலும் இறக்கிவிட்டு வெரசா வரச் சொன்னேன். பிள்ளை பெற்ற உடம்போடு இந்தக் குளிரில் எங்கே போவது என்று அம்மா மறித்தாள். அக்காவையும் பிள்ளையையும் கம்பளியில் சுற்றி வண்டியில் ஏற்றினேன்.

பனிமஞ்சு மூடிய வளைவுகளில் வண்டி ஊர்ந்தது. நான் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே வந்தேன்.

“தேன் விசயத்த டாக்டர்ட்டச் சொல்லியே ஆகணுமா?” என்றாள் அக்கா.

“ஆகணும். நான் சொல்லவா?”

“வேணாம். நானே சொல்லிர்றேன்.”

மாமா கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் அக்காவே சொன்னாள், தலை நிமிராமல். டாக்டர் பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்தார், காலைத் தட்டினார், வார்டில் வைத்துப் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார். நர்ஸ் பிள்ளைக்குப் பால் புகட்டும் ஒரு பாலாடையோடு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிப் பிழிவதென்று கையைப் பிடித்துக் காட்டினார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அக்காவின் கண்ணீர்தான் சொட்டியது. பிறகு பாலாடையின் அடி நனையுமளவுக்கு வந்தது.

அதைப் பிள்ளையின் வாயோரம் சரித்தார்கள். அவள் தொண்டை மெல்ல ஏறி இறங்கியது.

“இன்னொருக்கா பிழிம்மா” என்றார் நர்ஸ்.