மூணு தட்டு

...ரெண்டு அறை ஆச்சு, இன்னும் மூணு, ஐந்தாவதைப் பூட்டிட்டா நாலரை பஸ்ஸைப் பிடிச்சிடலாம், பிடிச்சா ரெண்டு நாள் லீவு, திங்கட்கிழமை காலையிலதான் இந்தக் குளிர்பதனக் கிடங்கோட மூஞ்சியில முழிக்கணும், அப்பாடா. மூணாவது கதவு. டக் டக் டக், ஒரு மூச்சு நேரம் நில்லு, பதில் இல்லை, போடு பூட்டை. பதினாறு வருஷமா இதே வேலை, பேருக்குக் கிடங்குப் பொறுப்பாளர், சாயங்காலமானா பூட்டுக்காரி. தட்டாம ஒரு நாளும் பூட்டினதில்லை. சிரிக்கிறாங்க, சிரிக்கட்டுமே. "ஏம்மா, உறைஞ்ச பட்டாணி எழுந்து வந்து யாருன்னு கேட்கப் போகுதா?"ன்னு ரேடியோ அண்ணன் தினம் கேட்பார். சரக்கு அடுக்குறவர், வாயை மூடவே மாட்டார், அதனால ரேடியோ. அவர் எங்க தாத்தாவைப் பார்த்திருக்கணும்... தாத்தா அலமாரியைத் தட்டித்தான் சாத்துவார், குளியலறையைத் தட்டுவார், ஃப்ரிட்ஜைக்கூட விடமாட்டார், மூணு தட்டு, தலையைச் சாய்ச்சுக் காது கொடுத்து ஒரு மூச்சு நேரம், அப்புறம்தான் சாத்துவார். நாங்க பேரப்பிள்ளைங்க வரிசையா நின்னு சாப்பாட்டு டப்பா மூடியைத் தட்டிக் காட்டுவோம், கிண்டலாத்தான் ஆரம்பிச்சது, எப்போ கையோட ஒட்டிக்கிச்சுன்னு தெரியலை. கூப்பிட்டுப் பார்த்தாப் போதாதா தாத்தா, எதுக்குத் தட்டணும்? "குரல் இரும்பைத் தாண்டாதும்மா, தட்டு தாண்டும்." தாத்தா, இது மரக்கதவு! சிரிச்சுட்டுப் போயிடுவார்.

நாலாவது. டக் டக் டக். தாத்தா, போர் நடந்த காலத்துல நாலு வருஷம் கடற்படைக் கப்பல்ல கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர், நீச்சல் சுத்தமாத் தெரியாது, சொன்னா யார் நம்புவாங்க? முதல் நாற்பது நாள் வாந்தி எடுத்த கதை, புயல்ல சூப் அண்டா உருண்டு ஓட, ஆளுக்கொரு கிண்ணத்தோட பின்னாடியே ஓடின கதை, கேப்டன் கத்தின கத்துல பல்செட்டு பாதி உத்தரவோட கடல்ல விழுந்த கதை... மீதி உத்தரவு யாருக்கும் புரியலையாம். குண்டு கிடையாது, ரத்தம் கிடையாது, போர்னா ஏதோ சுற்றுலா போல இருக்குன்னு நினைச்சுக்கிட்டு வளர்ந்தோம். பாட்டியும் அதே கடற்படைதான், ஆனா கரையில, அலுவலகத்துல டைப் அடிக்கிற வேலை, கப்பல்கள்ல இறந்தவங்க பேரெல்லாம் அவங்க விரல் வழியாத்தான் போகும். தாத்தா காலமாகி ஒரு வருஷம் கழிச்சுத்தான் வாயைத் திறந்தாங்க. "கப்பல் அடிபட்ட அன்னிக்குக் கீழ தண்ணி ஏறிடுச்சு. இரும்புக் கதவை மூடுன்னு உத்தரவு, உங்க தாத்தா மூடிட்டார். உள்ள அவரோட கூட்டாளி ஒருத்தர் இருந்திருக்கார். தட்டிப் பார்க்காம மூடிட்டேன்னு என்கிட்ட அழுதார்." அந்தக் கூட்டாளி பேரைப் பட்டியல்ல ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்னு பாட்டி மேசைக்கு வந்தாராம், மறுநாளும் வந்தாராம், மூணாவது நாள் உட்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்தாங்களாம், "அப்புறம் என் தலையில நானே கட்டிக்கிட்டேன்"னு சொல்லிட்டு, இனிமே அதைப் பத்திக் கேட்காதேன்னுட்டாங்க. நான் கேட்கலை. தட்ட மறந்த மனுஷன், அதனால ஆயுசு முழுக்கத் தட்டினார், பாவம்... அப்படித்தான் இத்தனை வருஷமா முடிச்சுப் போட்டு வச்சிருந்தேன்.

ஐந்தாவது. மணி நாலு இருபது. இந்தக் கதவு ஒண்ணுதான் தலைவலி, உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி பனி பிடிச்சு இறுகிக் கிடக்கு, மெக்கானிக் திங்கட்கிழமை வர்றேன்னிருக்கார், தனியா யாரும் உள்ள போகாதீங்கன்னு காலையிலயே தொண்டை கிழியக் கத்தியாச்சு. கையெழுத்து நோட்டைப் பார்த்தாச்சு, எல்லாரும் போயாச்சு, ரேடியோ அண்ணனும் மூணே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கார். திறந்து பார்த்தா குளிர் போயிடும்னு முதலாளி முறைப்பார். இன்னிக்கு ஒரு நாள் தட்டலைன்னா குடியா முழுகிடும்? பஸ் போயிடும்டி, பூட்டுடி... நினைக்கும்போதே கை பாட்டுக்குப் பூட்டால தட்டிடுச்சு, டக் டக் டக், சரி, தட்டினது தட்டியாச்சு, ஒரு மூச்சு நேரம்... அதென்ன? உள்ள ஓடுற காத்தாடியா? இல்லை. டக். அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு டக். காதுல கேட்டதைவிட கதவுல வச்ச உள்ளங்கையிலதான் தெரிஞ்சது. ஐயோ!

இழுத்துத் திறந்தா, கதவுக்குப் பின்னாடி முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார் ரேடியோ அண்ணன், கழட்டின பூட்ஸ் ஒரு கையில, மூக்குக்கண்ணாடி இன்னொரு கையில, இமையெல்லாம் வெள்ளை. கையெழுத்துப் போட்டு ஜாக்கெட்டை மாட்டிட்டுக் கிளம்பினவர், கண்ணாடியை உள்ளே வச்சது ஞாபகம் வந்து ஒரே நிமிஷம்னு நுழைஞ்சிருக்கார். அரை மணி நேரம். இழுத்துட்டு வந்து என் ஜாக்கெட்டைப் போர்த்தி, ரெண்டு கையிலயும் டீயைத் திணிச்சு, திட்டித் தீர்த்து, அழுது, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு உட்கார்ந்திருக்கேன், பஸ் போனா போகுது. பதினாறு வருஷத்துல ரேடியோ பேசாம இருந்து இன்னிக்குத்தான் பார்க்கிறேன். கடைசியில, உடைஞ்ச தொண்டையோட, "அவ்வளவு கத்தினேனேம்மா... உனக்குக் கேட்கவே இல்லையா?" கேட்கலைண்ணே. சத்தியமாக் கேட்கலை. கதவைத் தாண்டி உங்க குரல் வரலை, தட்டினதுதான் வந்தது... தாத்தா, உங்களுக்குக் கோடி நன்றி, சூப் அண்டாவுக்கு நன்றி, பல்செட்டுக்கு நன்றி, எங்களைச் சிரிக்க வச்சுக்கிட்டே இதைக் கையில கொடுத்துட்டுப் போனீங்களே, ஒரு ஆள் உயிரோட டீ குடிக்கிறார் பாருங்க. திங்கட்கிழமை காலையில நான் திறந்திருந்தா... வேண்டாம், நினைக்காதே. உள்ளங்கை இன்னும் குறுகுறுங்குது, அந்த டக் உள்ளேயே தங்கிட்ட மாதிரி. குரல் இரும்பைத் தாண்டாது, தட்டு தாண்டும். எத்தனை தடவை சொல்லியிருப்பார்... இரு. தட்டிப் பார்க்காம மூடினவருக்கு அது எப்படித் தெரியும்? அந்தப் பக்கமிருந்து தட்டு வந்தாத்தானே தெரியும்? தாழ் போட்ட பிறகா வந்தது, போடுறதுக்கு முன்னாடியேவா? பாட்டிகிட்ட அழுதப்போ அதை மட்டும் விட்டுட்டாரா, இல்லை பாட்டி எனக்காக விட்டாங்களா? கேட்க ரெண்டு பேருமே இல்லை. ரேடியோ அண்ணன் என்னையே பார்க்கிறார். எழுந்து போய் ஐந்தாவது கதவைச் சாத்தறேன், உள்ள யாருமில்லைன்னு தெரியும், தட்டறேன், ஒரு மூச்சு ஆச்சு, ரெண்டு மூச்சு ஆச்சு, பூட்டைக் கையில வச்சுக்கிட்டு இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்.