டாக்டரிடம் போகாத நாட்கள்

முதல் தடவை அது நடந்தபோது அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று ஏதோ கேட்ட மனைவிக்குப் பதில் வரவில்லை. குழாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போய் முகத்தைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது, ஆள் அங்கே இல்லை. வாயின் ஒரு ஓரம் லேசாகத் தொங்கியிருந்தது.

"ஏங்க!" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தவர், "என்ன, காது கிழியக் கத்தற? தட்டுல இன்னும் எண்ணெய் போகலியா?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.

ஆயுசு முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்த மனிதர். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை. ஓய்வு பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அன்று சாயங்காலம் காப்பீட்டு முகவர் வந்தார். கணவர் வேலை பார்த்த நிறுவனம் ஓய்வுக்குப் பிறகும் ஒரு காப்பீடு கொடுத்திருந்தது. ஆனால் அது ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைத்தான் ஏற்கும். மீதிப் பாதிக்குத் துணைக் காப்பீடு எடுக்க வேண்டும். முகவர் சாப்பாட்டு மேசையில் திட்டங்களைப் பரப்பி வைத்தார்.

"தம்பி, நான் செத்தாலும் பணம் தர்றீங்க, படுத்தாலும் தர்றீங்க. சும்மா உக்காந்திருந்தா ஒண்ணும் கிடையாதா?" என்றார் அவர்.

முகவர் சிரித்தார். "உடம்புக்கு ஏதாவது உண்டா சார்? மயக்கம், தலைசுத்தல், நினைவு தப்பறது?"

"கல்லு மாதிரி இருக்கேன்."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் முகவர் அவள் பக்கம் திரும்பினார். "அப்படின்னா இந்த முதல் திட்டம்தான் அக்கா. மீதிப் பாதி முழுசும் கிடைச்சிடும். ஆனா முன்னாடியே ஏதாவது நோய்னு டாக்டர் எழுதியிருந்தா இதைத் தர மாட்டாங்க. எடுத்து ஒரு மாசம் தாண்டிட்டா அப்புறம் கவலையில்ல."

வந்த வார்த்தையை அவள் அப்படியே விழுங்கினாள். அவர் கையெழுத்துப் போட்டார். தெரிந்து பொய் சொன்னது அவரில்லை.

ஒரு மாசம்தானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். அந்த ஒரு மாசம் அவளை உயிரோடு அரித்தது. பல்பு மாட்ட அவர் நாற்காலியில் ஏறினால் கீழே நின்று இடுப்பைக் கட்டிக்கொண்டாள். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போட விடவில்லை. மத்தியானம் அசந்து தூங்கும்போது மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, எடு கையை" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

அவள் சிரித்தாள். சிரித்த கையோடு அடுக்களைக்குப் போய், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். டாக்டரிடம் போனால் திட்டம் போய்விடும். போகாவிட்டால் மனிதரே போய்விடுவார்.

மாசம் முடியச் சில நாட்கள் இருந்தபோது இருவரும் கடைவீதிக்குப் போனார்கள். சாலையைக் கடக்கையில், பிடித்திருந்த கை திடீரென்று தளர்ந்தது. நட்ட நடு ரோட்டில் அவர் நின்றுவிட்டார். ஒரு வேன் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. மூட்டையை இழுப்பதுபோல் அவரை நடைபாதைக்கு இழுத்துப் போட்டாள்.

செருப்புக் கடை வாசலில் உட்கார்ந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அதுக்குள்ள கடந்துட்டமா?"

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பாத்திரம் கழுவிய நாளிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா டாக்டர்கிட்ட போவீங்க. அவர் நோய்னு எழுதிடுவார். எழுதிட்டா அந்தத் திட்டம்..."

தன் வாயால் சொன்னது தன் காதில் விழுந்ததும் அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். எப்போதும் ஒரு கிண்டல் கையிருப்பு வைத்திருக்கும் மனிதரின் முகம் வெளிறியிருந்தது. அவள் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லையேம்மா" என்றார் மெல்ல. பிறகு, "வண்டி கூப்பிடு."

கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். "இதுவரைக்கும் வந்துட்டுப் போயிருக்கு. அடுத்தது வந்தா போயிருக்காது. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" மறுநாளே அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்தார். பாதிச் செலவு பழைய காப்பீட்டில் வந்தது, மீதி அவர்கள் சேமிப்போடு போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவளே முகவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். முதல் திட்டம் ரத்தாகிவிட்டது. வேறு காகிதங்களோடு வந்த முகவர் உச்சுக்கொட்டினார். "இன்னும் நாலு நாள் பொறுத்திருந்தா முழுசும் வந்திருக்குமே அக்கா."

"பொறுத்திருந்தா யாருக்குத் தம்பி வந்திருக்கும்?"

முகவர் காகிதங்களைப் புரட்டினார். நோயைச் சொல்லி எடுக்கும் திட்டம் ஒன்றுதான் மிச்சம். சந்தா அதிகம். கழுத்துக்கும் மூளைக்கும் ரெண்டு வருஷம் கழித்துத்தான் கிடைக்கும். இந்த முறை ஒவ்வொரு கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள். மயக்கம் உண்டா, உண்டு. நினைவு தப்பியதா, ஆமாம்.

"உங்களுக்கு அக்கா? உங்களுக்கு ஏதாவது?"

"பயம் இருக்கு" என்றாள்.

"எனக்கும்தான்" என்றார் அவர், இன்னும் சரியாகத் திரும்பாத நாக்கால். "ரெண்டு பேருக்கும் சேத்து எழுதிக்குங்க தம்பி."

முகவர் சிரித்துக்கொண்டே 'எதுவும் இல்லை' என்று குறித்துக்கொண்டு கிளம்பினார். கதவைச் சாத்திவிட்டு அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கழுத்துக்குக் காப்பீடு கிடைக்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறது. அதைப் பற்றி அன்று அவர்கள் பேசவில்லை.