மூன்றாவது பேஸில் இரண்டு பேர்

ஒரே ஒரு தடவை அந்தப் பந்து அவள் கையிலிருந்து நழுவட்டும். ஒரு தடவை போதும். நான் ஓடிவிடுவேன்.

மூன்றாவது பேஸின் சின்ன மெத்தையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, ஹோமுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் எதிரணிக் கீப்பரின் கையுறையையே பார்த்தபடி சின்னவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சாஃப்ட்பால் ஆட்டத்தின் கடைசிச் சுற்று. இரு அணிக்கும் சமமான ரன். ஓட்டம் கிளம்பின இடமான ஹோமை இவள் தொட்டுவிட்டால் ஜெயித்தாயிற்று. பின்னால், இரண்டாவது பேஸில் அக்கா நின்றாள். அணியிலேயே வேகமான கால்கள் அக்காவுடையவை.

அக்காவுக்கு முன்னால் நிற்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை. வீட்டில் ஜன்னலோரக் கட்டில், காரில் முன் சீட்டு, காலையில் குளியலறை எல்லாம் அக்காவுக்கு. யாரும் சட்டம் போடவில்லை. அக்கா வந்தால் இவள் நகர்ந்துவிடுவாள். நகர்ந்த பிறகுதான் நகர்ந்ததே தெரியும்.

போன ஆட்டத்திலும் அப்படித்தான். ஒரே பேஸில் இருவரும் வந்து முட்டிக்கொண்டார்கள். முன்னால் ஓடியவள் இவள்தான்; ஆனாலும் அக்கா வந்துவிட்டாளே என்று கீழே இறங்கினாள். எதிரணிப் பெண் இருவரையும் பந்தால் தொட்டாள். இருவரும் அவுட், ஆட்டமும் போச்சு. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் கோச், மாத்திரை சாப்பிடும் முறையைச் சொல்வதுபோல் நிதானமாக விளக்கினார். ஒரே பேஸில் இரண்டு பேர் நின்றால் அது வரிசையில் முன்னால் ஓடுகிறவளுக்குத்தான் சொந்தம். யார் முதலில் வந்து சேர்ந்தாள் என்பது கணக்கில்லை. பந்து பட்டால் வரிசையில் பின்னால் ஓடுகிறவள்தான் அவுட். முன்னால் இருப்பவள் தானாக இறங்கி, அப்போது பந்து பட்டால் அவளும் அவுட்.

அக்கா அதைக் காதில் வாங்காமல் தலைமுடியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் அப்பாவுக்கோ ஒரு மண்ணும் புரியவில்லை. கிளம்பின இடத்துக்கே திரும்பி வர எதற்கு இவ்வளவு ஓட்டம் என்று கேட்டார். சின்னவள் மட்டும் வீட்டுக் கூடத்தில் நாலு தலையணைகளைப் போட்டு, சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தாள். டீச்சரம்மா பாடத்தை ஆரம்பிச்சாச்சா என்று அக்கா ஒரு தலையணையைத் தாண்டிப் போனாள். பேஸ் முன்னால் இருப்பவளுக்கு. பெரியவளுக்கு என்று இல்லை, வேகமானவளுக்கு என்றும் இல்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பந்து நழுவியது.

கீப்பரின் கையுறையில் பட்டுத் தெறித்து ஓடியது. சின்னவள் பாய்ந்தாள். பாதி தூரம் போவதற்குள் கீப்பர் பந்தை அள்ளிக்கொண்டு எதிரே வந்துவிட்டாள். சின்னவள் சட்டென்று திரும்பி, வந்த வழியே ஓடினாள். பின்னால் காலடிச் சத்தம், வேலிக்கு அப்பால் ஒரே கூச்சல். எட்டி மிதித்தாள். காலுக்குக் கீழே பேஸ் மெத்தென்று அமுங்கியது.

பக்கத்தில் இன்னொரு கால் இருந்தது. அக்கா தலைகுனிந்து ஓடி வந்து, இவளுக்கு முன்பே அங்கே நின்றிருந்தாள்.

கீப்பர் அக்காவின் தோளில் பந்தால் தொட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று சின்னவளையும் தொட்டாள். அம்பயர் முஷ்டியை உயர்த்தி அவுட் என்றார். யார் என்று அவர் சொன்னது கூச்சலில் கேட்கவில்லை. எந்த மகளுக்காகக் கத்துவது என்று தெரியாமல் அப்பா வேலியைப் பிடித்துக் குலுக்கினார்.

“நீதான்டி அவுட். இறங்கு,” என்றாள் அக்கா. “நான்தானே முதல்ல வந்தேன்.”

சின்னவள் அசையவில்லை. அக்காவின் குரல் இறங்கியது. ஜன்னலோரக் கட்டிலை வாங்கிக்கொண்ட அதே குரல்.

“சொன்னா கேளுடி, தங்கமில்ல. நான்னா ஒரே ஓட்டத்துல முடிச்சிருவேன். உன்னால முடியுமா?”

முடியாமலும் போகலாம். அதுவும் அவளுக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுடைய குதிகால் தானாக மேலெழுந்தது. கீப்பர் பந்தைச் சின்னவளின் இடுப்பருகே ஏந்தியபடி, அந்தக் கால் எப்போது விலகும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவளும் தன் காலைப் பார்த்தாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயமில்லை, வேறு ஏதோ. கூடத்துத் தலையணைகளுக்கு நடுவே வந்த அந்தச் சிரிப்புதான் மறுபடி வந்துவிடும்போல் இருந்தது.

குதிகாலை மெல்லக் கீழே வைத்து அழுத்தினாள்.

“இல்லக்கா,” என்றாள், அக்காவுக்கு மட்டும் கேட்கும்படி. “நான் இறங்கல.”